அழகிப் போட்டிக்கு 2 லட்சம் லோன் போடலாமா? கிரீடத்துக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு



போன மாசம் பூந்தமல்லியிலிருந்து ஒரு மெயில் வந்தது. 24 வயசுப் பொண்ணு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 33,000. மெயிலோட சுருக்கம் இதுதான்:

"அக்கா, மாநில அளவுல நடக்கிற ஒரு அழகிப் போட்டியில ஃபைனலுக்கு செலக்ட் ஆயிட்டேன். இதுல ஜெயிச்சா நேரா நேஷனல் போகலாம்னு சொல்றாங்க. பேக்கேஜ் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம். ஒரு லோன் ஆப்ல 2 லட்சம் அப்ரூவ் ஆகி ரெடியா இருக்கு. எடுக்கலாமா? வீட்ல இன்னும் சொல்லல."

கடைசி வரியைப் படிச்சப்போதான் எனக்குக் கொஞ்சம் திக்குனு இருந்துச்சு. வீட்டுக்குச் சொல்லாம எடுக்கிற லோன்னாலே அதுல ஏதோ ஒரு கணக்கு இடிக்குதுன்னு அர்த்தம்.

அவங்க அனுமதியோட, பேர் சொல்லாம இதை எழுதுறேன். போட்டியில கலந்துக்கிறது நல்லதா கெட்டதான்னு சொல்றது என் வேலை இல்ல. மேடை ஏறணும்னு ஆசை இருந்தா தாராளமா ஏறுங்க. ஆனா அந்த மேடைக்கு யார் காசு கட்டுறாங்க, ஜெயிச்சா கைக்கு எவ்வளவு வரும், தோத்தா எத்தனை மாசம் கடன் கட்டணும்னு தெரிஞ்சுகிட்டு ஏறுங்க. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, இந்த ஏணி எப்படி இருக்கு?

நம்ம நாட்டுல ரொம்ப காலமா நடக்கிற போட்டி ஃபெமினா மிஸ் இந்தியா. டைம்ஸ் குழுமம் 1964-லிருந்து நடத்துது. 2017-ல இதோட முறையை மாத்தினாங்க. மாநிலத்துக்கு ஒருத்தர்னு 30 பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த 30 பேருக்குள்ளதான் இறுதிப் போட்டி. அதாவது மாநிலப் பட்டம்தான் தேசியப் போட்டிக்கான வாசல்.

இந்த வாசல் வழியா போய் ஜெயிச்ச தமிழ்ப் பொண்ணுதான் அனுக்ரீத்தி வாஸ். திருச்சிக்காரங்க. சென்னை லயோலா காலேஜ்ல பிரெஞ்சு படிச்சிட்டு இருந்தவங்க. முதல்ல 'ஃபெமினா மிஸ் இந்தியா தமிழ்நாடு 2018'. அப்புறம் 2018 ஜூன் 19-ம் தேதி மும்பையில நடந்த ஃபைனல்ல 30 பேருக்கு நடுவுல மிஸ் இந்தியா பட்டம். அதே வருஷம் டிசம்பர்ல சீனாவோட சான்யா நகரத்துல நடந்த மிஸ் வேர்ல்ட் போட்டி. அங்க மொத்தம் 118 பேர். அனுக்ரீத்தி முதல் 30 பேருக்குள்ள வந்தாங்க. மெக்சிகோவைச் சேர்ந்த வனெசா போன்ஸ் ஜெயிச்சாங்க.

இதுல நம்ம மாதிரி சம்பளக்காரங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. 2019-ல மிஸ் இந்தியா ஜெயிச்ச ராஜஸ்தானோட சுமன் ராவ், அப்போ சிஏ படிச்சிட்டு இருந்தாங்க. (எங்க ஆளு!) அவங்க மிஸ் வேர்ல்ட் 2019-ல மூணாவது இடம் வரைக்கும் போனாங்க. 2020-க்கான பட்டத்தை ஜெயிச்ச தெலங்கானாவோட மானசா வாரணாசி, ஹைதராபாத்ல ஒரு நிதித் தகவல் கம்பெனியில அனலிஸ்ட். 2022-ல ஜெயிச்ச கர்நாடகாவோட சினி ஷெட்டி, அக்கவுன்டிங் முடிச்சிட்டு சிஎஃப்ஏ படிச்சவங்க. வேலையோ படிப்போ பாத்துக்கிட்டே இதுக்குப் போக முடியும்ங்கிறதுக்கு இவங்க சாட்சி.

ஆனா அனுக்ரீத்தி கதையில இன்னொரு தேதியையும் கவனிங்க. கிரீடம் 2018 ஜூன்ல. விஜய் சேதுபதியோட அவங்க நடிச்ச முதல் படம் 'டிஎஸ்பி' வந்தது 2022 கடைசியில. நடுவுல நாலு வருஷத்துக்கு மேல. தேசியப் பட்டம் வாங்கினவங்களுக்கே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, 24 மாச இஎம்ஐ-யை மாநிலக் கிரீடத்தை நம்பி எடுக்க முடியுமா?

'மிஸ் தமிழ்நாடு' யாருக்குச் சொந்தம்?

இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். 'மிஸ் தமிழ்நாடு', 'மிஸ் சென்னை', 'மிஸ் சவுத்' மாதிரி பட்டங்களை அரசாங்கம் கொடுக்கிறதில்ல. கிரிக்கெட்ல மாவட்டம், மாநிலம், ரஞ்சி, இந்தியான்னு ஒரே படிக்கட்டு இருக்கிற மாதிரி இங்க கிடையாது. ஒரு நிகழ்ச்சி நடத்துற கம்பெனி, ஒரு ஹோட்டல் ஹால், நாலு ஜட்ஜ் இருந்தா ஒரு பட்டம் உருவாக்கலாம். அது சட்டப்படி தப்பும் இல்ல.

ஆனா மிஸ் வேர்ல்ட், மிஸ் யுனிவர்ஸ் மேடைக்கு இந்தியாவிலிருந்து ஆளை அனுப்பணும்னா அதுக்கான உரிமம் வேணும். அந்த உரிமம் ஒரு நேரத்துல ஒருத்தர் கையிலதான் இருக்கும். அது கைமாறவும் செய்யும். மிஸ் யுனிவர்ஸை எடுத்துக்குங்க. ரொம்ப வருஷம் ஃபெமினா அனுப்பிட்டு இருந்தது. 2010-லிருந்து 2012 வரைக்கும் சுஷ்மிதா சென்னோட 'ஐ ஆம் ஷி' போட்டி மூலமா போனாங்க. 2013-லிருந்து 'மிஸ் திவா'. 2024-லிருந்து கிளாமானந்த் குழுமம் நடத்துற மிஸ் யுனிவர்ஸ் இந்தியா.

அதனால "இதுல ஜெயிச்சா நேஷனல்"னு யாராவது சொன்னா, முதல் கேள்வி: எந்த நேஷனல்? பல நேரங்கள்ல அதே கம்பெனி நடத்துற இன்னொரு நிகழ்ச்சிதான் அந்த 'நேஷனல்'. அங்க போனா மறுபடியும் ஒரு பேக்கேஜ் கட்டணும். இந்தப் பொண்ணு விஷயத்துலயும் அதுதான். அனுப்பின பிடிஎஃப்-ஓட எட்டாவது பக்கத்துல, சின்ன எழுத்துல, "தேசிய சுற்றுக்கான கட்டணம் தனி"ன்னு போட்டிருந்தது. அவங்க அதைப் படிக்கவே இல்ல.

யார் காசுல மேடை போடுறாங்க?

ஒரு சிஏ-வா நான் எந்த பிசினஸைப் பாத்தாலும் முதல்ல கேக்கிறது, வருமானம் எங்கிருந்து வருதுங்கிறதுதான். அழகிப் போட்டியில ரெண்டு மாடல் இருக்கு.

முதல் மாடல்: ஸ்பான்சர் காசு. அழகு சாதன பிராண்ட், நகைக்கடை, துணிக்கடை, டிவி சேனல் இவங்க காசு கொடுப்பாங்க. அங்க பாக்கிற மக்கள்தான் சரக்கு, விளம்பரதாரர்தான் கஸ்டமர். போட்டியாளர்கிட்ட காசு வாங்க வேண்டிய கட்டாயம் நடத்துறவங்களுக்குக் குறைவு. அதனால நல்ல ஆளைத் தேடி எடுக்கிறதுதான் அவங்களுக்கு லாபம்.

ரெண்டாவது மாடல்: போட்டியாளர் காசு. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், போட்டோஷூட், டிக்கெட் விக்கிறதுன்னு எல்லாமே கலந்துக்கிறவங்க தலையிலதான். இங்க கஸ்டமர் நீங்கதான். எத்தனை பேரை 'ஃபைனலிஸ்ட்' ஆக்குறாங்களோ அவ்வளவு வருமானம்.

ஒரு சின்னக் கணக்கு. 40 ஃபைனலிஸ்ட், ஆளுக்கு 75,000 பேக்கேஜ்னா 30 லட்சம். முதல் பரிசு 1 லட்சம். மீதி 29 லட்சத்துல ஹால், லைட், ஜட்ஜ், பயிற்சியாளர் எல்லாம் போக மிச்சம் லாபம். இதை மோசடின்னு நான் சொல்லல. இது ஒரு பயிற்சி வகுப்பு வியாபாரம், கடைசி நாள் ஒரு விழாவோட. அப்படிச் சொல்லி வித்தா யாருக்கும் பிரச்சினை இல்ல. ராம்ப் வாக், மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை இதெல்லாம் கத்துக்க 75,000 கொடுக்கலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிடுவீங்க. 'செலக்ட் ஆயிட்டீங்க'ன்னு சொல்லி விக்கும்போதுதான் நம்ம மூளை விலையைப் பாக்க மறந்துடுது.

மெயில்ல வந்த செலவுப் பட்டியல்

நான் அவங்களை ஒரு பேப்பர்ல மொத்தச் செலவையும் எழுதச் சொன்னேன். வந்த கணக்கு இது:

- பதிவுக் கட்டணம் 2,000 + 18% ஜிஎஸ்டி = 2,360 (ஏற்கெனவே கட்டிட்டாங்க)
- பயிற்சி மற்றும் ஃபைனல் பேக்கேஜ் 75,000 + ஜிஎஸ்டி 13,500 = 88,500
- போர்ட்ஃபோலியோ போட்டோஷூட் = 25,000
- ரெண்டு கவுன், ஒரு பட்டுப்புடவை செட் = 45,000
- மேக்கப், ஹேர், ஹீல்ஸ் = 18,000
- ஃபைனல் நடக்கிற ஊருக்கு அம்மாவோட போய்த் தங்கிற செலவு = 22,000
- 5 நாள் லாஸ் ஆஃப் பே (ஒரு நாளைக்கு 1,100) = 5,500

மொத்தம் 2,06,360.

அவங்க மனசுல இருந்த செலவு 75,000 மட்டும்தான். பாக்கி எல்லாம் 'அப்புறம் பாத்துக்கலாம்' கணக்கு. கல்யாண மண்டபம் புக் பண்றப்போ வாடகையை மட்டும் பாத்துட்டு ஜெனரேட்டர், கிளீனிங், பாத்திர வாடகையை மறக்கிற மாதிரிதான் இதுவும்.

இப்போ லோன் கணக்கு

2 லட்சம், 16% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 9,793. மொத்தமா திருப்பிக் கட்டறது சுமார் 2,35,000. வட்டி மட்டும் 35,000.

இதுல பிராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு 4,720 முன்னாடியே பிடிச்சிடுவாங்க. கைக்கு வர்றது 1,95,280. ஆனா வட்டி முழு 2 லட்சத்துக்கும் போடுவாங்க.

33,000 சம்பளத்துல 9,793-ன்னா கிட்டத்தட்ட 30%. அவங்க வீட்டுக்கு மாசம் 12,000 கொடுக்கிறாங்க. பஸ், சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 8,000. இஎம்ஐ போக மிச்சம் 3,200 ரூபாய். இப்படி ரெண்டு வருஷம். கையில இருக்கிற எமர்ஜென்சி பணம் 40,000. அப்பாவுக்கு சுகர், பிபி. மெடிக்கல் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கொடுத்தது மட்டும்தான், அதுல பெற்றோர் கவர் இல்ல.

இதைக் கிரெடிட் கார்டுல போட்டா இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. 'மினிமம் டியூ' மட்டும் கட்டிட்டு வந்தா அசல் நகரவே நகராது.

இன்னொரு பக்கம், ஜெயிச்சா வர்றது? 40 பேர்ல ஒருத்தர், பரிசு 1 லட்சம். எல்லாருக்கும் சம வாய்ப்புன்னு வெச்சா உங்க பங்கு சராசரியா 2,500 ரூபாய். அதுக்கு 2 லட்சம் செலவு. மாநிலத்துல 40-ல ஒருத்தர், தேசியத்துல 30-ல ஒருத்தர்னா, ரெண்டையும் தாண்ட 1,200-ல ஒரு வாய்ப்பு. "நான் சராசரி இல்லக்கா"ன்னு நீங்க சொல்லலாம். நியாயம்தான். ஆனா உங்ககூட நிக்கிற 39 பேரும் அதைத்தான் சொல்வாங்க.

சரி, ஜெயிச்சுட்டேன். வரி எவ்வளவு?

"அக்கா, 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையே!" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பதில்: சம்பளத்துக்கு அது சரி. பரிசுப் பணத்துக்கு வேற கதை. (கீழ சொல்ற பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1-லிருந்து புதிய வருமான வரிச் சட்டம், 2025 வருது. எண்கள் மாறும். நீங்க ரிட்டர்ன் போடுற வருஷத்துக்கு எது பொருந்தும்னு பாத்துக்குங்க.)

லாட்டரி, சீட்டாட்டம், குதிரைப் பந்தயம், மற்ற விளையாட்டுகள்ல ஜெயிக்கிற பணத்துக்குப் பிரிவு 115பிபி. நேரா 30%, அதுக்கு மேல 4% செஸ், ஆக 31.2%. பரிசுக்காகப் போட்டி போடுற டிவி நிகழ்ச்சியும் இதுக்குள்ள வரும்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு. நம்ம பூந்தமல்லி பக்கத்துல செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில எடுக்கிற பிக் பாஸ் தமிழ் பரிசுக்கும் இதே விதிதான்.

இந்தப் பிரிவுல நாலு கசப்பான விஷயம் இருக்கு:

1. அடிப்படை வரிவிலக்கு வரம்பு இதுக்குக் கிடையாது. 87ஏ தள்ளுபடியும் கிடையாது.
2. செலவைக் கழிக்க முடியாது. கவுன் 45,000, பேக்கேஜ் 88,500 எதையும் பரிசுலிருந்து கழிக்க விடாது. அதுக்குப் பிரிவு 58(4).
3. பரிசு 10,000-ஐத் தாண்டினா நடத்துறவங்க பிரிவு 194பி-யில 30% டிடிஎஸ் பிடிச்சிட்டுத்தான் தரணும்.
4. ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 போடணும்.

ஆக 1 லட்சம் பரிசுன்னா 30,000 டிடிஎஸ் போய் 70,000 கைக்கு வரும். ரிட்டர்ன் போடும்போது செஸ் 1,200 தனியா கட்டணும். மிச்சம் 68,800. சம்பளத்துக்கு ஒரு ரூபா வரி கட்டாத பொண்ணு, பரிசுக்கு 31,200 கட்டுறாங்க.

"அழகிப் போட்டி விளையாட்டா என்ன? திறமைக்குக் கிடைச்ச பரிசுதானே, இதுக்கு எதுக்கு வரி?"ன்னு கேக்கலாம். இதே வாதத்தை நம்ம ஊர்ல ஒருத்தர் கோர்ட்ல வெச்சிருக்கார். ஜி.ஆர். கார்த்திகேயன், அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில ஜெயிச்சு மொத்தம் 22,000 ரூபாய் பரிசு வாங்கினார். இது வருமானமே இல்லன்னு வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனா 1993-ல உச்ச நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. 'வருமானம்'ங்கிற சொல்லுக்கு ரொம்ப விரிவான அர்த்தம் உண்டு, லாட்டரி, பந்தயம்னு அந்தப் பட்டியல்ல பொருந்தலைன்னாலும் பரிசுப் பணம் வருமானம்தான்னு சொல்லிடுச்சு.

அதனால வரி உண்டாங்கிறதுல சந்தேகமே வேணாம். எந்த விகிதம்ங்கிறதுலதான் வாதத்துக்கு இடம் இருக்கு. டிவி நிகழ்ச்சியா வராத, முழுக்கத் திறமையை வெச்சு நடந்த போட்டின்னா 115பிபி பொருந்தாது, சாதாரண ஸ்லாப்தான்னு வாதாடலாம். ஆனா நடத்துறவங்க 194பி-யில பிடிச்சிட்டாங்கன்னா, அதை மாத்திக் காட்டுறதுக்கு முன்னாடி ஒரு சிஏ-கிட்ட பேப்பரைக் காட்டிக் கேளுங்க. நீங்களா ஸ்லாப்ல போட்டா நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம்.

"விருதுக்கு வரிவிலக்கு உண்டே?" உண்டு, பிரிவு 10(17ஏ). ஆனா அது மத்திய, மாநில அரசு பொது நலனுக்காகக் கொடுக்கிற, இல்லைன்னா மத்திய அரசு அங்கீகரிச்ச அமைப்பு கொடுக்கிற விருதுக்கு. தனியார் அழகிப் போட்டிக் கிரீடத்துக்கு இல்ல.

ஸ்கூட்டி பரிசும் "டிடிஎஸ் அனுப்புங்க" கும்பலும்

பரிசு பொருளா வந்தா? 90,000 ரூபாய் ஸ்கூட்டர்னு வெச்சுக்குங்க. ஸ்கூட்டர்ல 30% வெட்டி எடுக்க முடியாது. அதனால வரியான 27,000 கட்டியாச்சுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் பொருளைக் கொடுக்கணும்னு சட்டம். நீங்க கட்டலாம், நடத்துறவங்களே கட்டவும் செய்யலாம்.

இந்த உண்மையான விதியை வெச்சுத்தான் ஒரு மோசடியும் நடக்குது. "மேடம், நீங்க ஜெயிச்சுட்டீங்க. டிடிஎஸ் 27,000 இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, வண்டி வீட்டுக்கு வந்துடும்." உண்மையான டிடிஎஸ் எந்தத் தனிநபரோட யுபிஐ-க்கும் போகாது. அது டான் எண் வெச்சிருக்கிற நிறுவனம் வழியா அரசாங்கத்துக்குப் போகும். அப்புறம் உங்க பான்ல, 26ஏஎஸ்-லயும் ஏஐஎஸ்-லயும் வந்து நிக்கும். அதனால முதல்ல டான் எண்ணையும் எழுத்துல பரிசுக் கடிதத்தையும் கேளுங்க. கேட்ட உடனே எதிர்ப்பக்கம் கோவம் வந்தா, போனை வெச்சிடுங்க.

ஆபீஸ் பக்கம்

ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. நிறைய கம்பெனியில, அனுமதி இல்லாம வெளியில சம்பாதிக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். போட்டியில கலந்துக்கிறது பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ஜெயிச்சப்புறம் துணிக்கடை விளம்பரம், ஈவென்ட்னு காசு வந்தாதான் கேள்வி வரும். ஹெச்ஆர்-கிட்ட ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கி வெச்சிடுங்க.

அதே மாதிரி போட்டி ஒப்பந்தத்தையும் படிங்க. ஜெயிச்சவங்க இத்தனை வருஷம் எங்க மூலமாத்தான் வேலை எடுக்கணும், வருமானத்துல இத்தனை சதவீதம் எங்களுக்குன்னு ஷரத்து இருக்கலாம். நடுவுல விலகினா எவ்வளவு கட்டணும்ங்கிறதையும் பாருங்க. கையெழுத்து போட்டப்புறம் "படிக்கல"ன்னு சொன்னா எடுபடாது.

பணம் கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய 6 கேள்வி

1. இந்தப் பட்டம் எந்த தேசியப் போட்டிக்குப் போகுது? அந்தப் போட்டியோட அதிகாரபூர்வ தளத்துல உங்க பேர் இருக்கா?
2. சர்வதேசப் போட்டிக்கு அனுப்புற உரிமம் இந்த வருஷம் உங்ககிட்ட இருக்கா? எழுத்துல காட்ட முடியுமா?
3. மொத்தக் கட்டணம் எவ்வளவு, அடுத்த சுற்றுக் கட்டணம் எவ்வளவு?
4. ஜிஎஸ்டி பில் தருவீங்களா? (ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா நிறுவனத்தோட பேரும் நிலையும் வரும். தமிழ்நாட்டுப் பதிவுன்னா எண் 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டின்னு பணம் வாங்கிட்டு எண் தராதவங்க கிட்ட அங்கேயே நிறுத்திடுங்க.)
5. நான் விலகினாலோ நீங்க தள்ளி வெச்சாலோ பணம் திரும்ப வருமா?
6. போன வருஷம் ஜெயிச்சவங்க யாரு, அவங்க பரிசு முழுசா கைக்கு வந்துச்சா? அவங்ககிட்ட நான் பேசலாமா?

பதில் எல்லாமே மெயில்ல வரணும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேணாம். பணத்தையும் நிறுவனத்தோட கரன்ட் அக்கவுன்டுக்கு மட்டும் அனுப்புங்க.

ஏற்கெனவே கட்டியாச்சுன்னா?

சொன்னபடி நடக்கலைன்னா அது சேவைக் குறைபாடு. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்க தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க வசிக்கிற மாவட்டத்துலயே போடலாம். பூந்தமல்லின்னா திருவள்ளூர் மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா புகார் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில், மெயில், விளம்பர ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருங்க.

ஆளே இல்லாத மோசடின்னா லேட் பண்ணாம 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்த வாய்ப்பு இருக்கு.

அவசரப்பட்டு ஆப்ல லோன் எடுத்துட்டீங்களா? டிஜிட்டல் லோனுக்கு 'கூலிங் ஆஃப்' காலம் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அதுக்குள்ள அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிட்டா அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். எத்தனை நாள்னு லோனோட முக்கிய விவர அறிக்கையில போட்டிருக்கும், இன்னைக்கே பாருங்க.

ஆசை நிஜம்னா, பிளான் இப்படி

கடன் வாங்கி வேணாம், சேர்த்து வெச்சுப் போகலாம். மாசம் 5,000 ஆர்.டி. போட்டா 18 மாசத்துல வட்டி இல்லாமலே 90,000. இதுக்குத் தனியா ஒரு அக்கவுன்ட். எமர்ஜென்சி பணத்துல கை வைக்கவே கூடாது. ஒரு போட்டிக்கு அதிகபட்சம் ஒரு மாசச் சம்பளம்னு உங்களுக்கே ஒரு வரம்பு போட்டுக்குங்க. கவுன் வாடகைக்குக் கிடைக்கும். முதல் சுற்றுக்கு 25,000 ரூபாய் போர்ட்ஃபோலியோ தேவையான்னு விதிமுறையைப் படிச்சுப் பாருங்க. மேக்கப் இல்லாத சாதாரணப் போட்டோ போதும்னு சொல்ற போட்டிகள் நிறைய இருக்கு.

"வயசு போயிடும்"னு பயமா? மிஸ் யுனிவர்ஸ் 2024-லிருந்து மேல் வயது வரம்பையே எடுத்துட்டாங்க. கல்யாணம் ஆனவங்க, குழந்தை இருக்கிறவங்களுக்கும் 2023-லிருந்து கதவு திறந்திருக்கு. வயசு வரம்பு இருக்கிற போட்டிகளும் உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு உங்க 18 மாசத்தை பிளான் பண்ணுங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ளங்கிற அவசரம் நடத்துறவங்களோடது.

அந்தப் பொண்ணு என்ன பண்ணாங்க?

ஆறு கேள்வியையும் மெயில்ல அனுப்பினாங்க. ரெண்டு நாள் கழிச்சு போன் மட்டும் வந்தது. "இவ்வளவு யோசிக்கிறவங்களுக்கு இந்த ஃபீல்டு செட் ஆகாதும்மா"ன்னு சொன்னாங்களாம். எழுத்துல பதில் வரவே இல்ல. லோனை எடுக்கல. கட்டின 2,360 போனது போனதுதான். "கட்டிட்டோமே"ன்னு அதைக் காப்பாத்த இன்னும் 2 லட்சம் போடக் கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

வீட்லயும் சொல்லிட்டாங்க. அப்பா திட்டுவாருன்னு நினைச்சாங்களாம். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அடுத்த வருஷம் எப்போ வருதாம்?"

இப்போ மாசம் 5,000 ஆர்.டி. ஓடுது. அப்பா அம்மாவுக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸும் பாத்துட்டு இருக்காங்க. அடுத்த போட்டிக்கு அப்ளை பண்ணும்போது மறுபடி மெயில் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. இந்த தடவை விதிமுறை பிடிஎஃப்-ஐ முதல் பக்கத்திலிருந்து கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிட்டு.

உங்களுக்கோ உங்க ஃப்ரெண்டுக்கோ இந்த மாதிரி "செலக்ட் ஆயிட்டீங்க" மெசேஜ் வந்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நிறுவனத்தோட பேர் போடாம. 194பி, 26ஏஎஸ் எப்படிப் பாக்கிறதுன்னு ஸ்கிரீன் காட்டி விளக்கின வீடியோ சேனல்ல இருக்கு. இது பொதுவான விளக்கம்தான். உங்க கேஸுக்கு ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி உங்க சிஏ-கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அடுத்த பதிவுல பாப்போம்.